விளம்பரத்துக்கு ட்ராக் கேட்கிறார்கள் என்று எழுதிய தம்பிக்கு



நீ அனுப்பிய மூன்று ட்ராக்கையும் ஹெட்போனில் கேட்டேன். ஓவர்லாக் மெஷின் சத்தத்தை ஹை-ஹாட்டாக வைத்திருக்கிறாயே, பிரமாதம். நிட்டிங் மெஷின் உறுமலைத்தான் பேஸில் அள்ளிக் கொட்டிவிட்டாய், கொஞ்சம் குறை.

பனியன் பிராண்டுக்கு ட்ராக் கொடுத்தால் நம்ம ஆட்கள் விலைபோனவன் என்பார்களோ என்று கேட்டிருக்கிறாய். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்தியது நீ கூடவே அனுப்பிய ஒப்பந்தம். நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா ஊடகத்திலும் என்று ஒரே வரியில் மாஸ்டர் ஒலிப்பதிவையும் மெட்டையும் சேர்த்து எழுதி வாங்குகிறார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் உன் லேபிள், பையர் டிசைனுக்குப் பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்தான். கூலியோடு சரி.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அது தெரிந்துதான் அவர்கள் வக்கீல் இரண்டையும் மறக்காமல் எழுதியிருக்கிறார். நீ திருத்திக் கேள்: ஒரு வருடம், இந்தியா, இந்த ஒரு விளம்பரம். நீட்டிக்க வேண்டுமானால் புதுப் பணம். மாஸ்டர் உன்னிடமே இருக்கட்டும். தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்றவற்றில் இசையமைத்தவரின் ராயல்டிப் பங்கை எழுதி வாங்க முடியாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. ஆனால் அந்தப் பங்கு தானாக வீடு தேடி வராது, ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகு.

சுயாதீன லேபிள் என்றாலே கணக்கு சுத்தமாக இருக்கும் என்றும் நம்பாதே. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. வெளியிட்டது மாஜா என்ற சுயாதீன லேபிள். மூன்று வருடம் கழித்து, தனக்கும், பாடிய தீக்கும் அறிவுக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டுச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. உன் லேபிளில் நீங்கள் மூன்று பேர். உங்களுக்குள்ளேயே பங்கு எழுத்தில் இல்லை என்கிறாய். முதலில் அதை எழுதுங்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு வளைந்து கொடுக்காதவர்களும் உண்டு. டெட்ராய்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் லேபிள் 1999-இல் டி.ஜே. ரோலண்டோவின் 'ஜாகுவார்' ட்ராக்கை வெளியிட்டது. சோனியின் ஜெர்மன் கிளை அனுமதி இல்லாமலே அச்சு அசலாக ஒரு நகல் செய்ய, ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சோனி பின்வாங்கியது. கொள்கை மட்டும் அதைச் சாதிக்கவில்லை. சப்மெர்ஜ் என்ற விநியோக நிறுவனமும் அவர்கள் கையிலேயே இருந்தது. அடுத்த மாத வாடகைக்கு ஒரு விளம்பரத்தை நம்பியிருப்பவனால் மறுக்க முடியாது.

கொடுத்ததால் கெட்டுப்போகாததும் உண்டு. பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் ப்ளேன்ஸ்' 2008-இல் ஒரு ஹாலிவுட் பட டிரெய்லரில் வந்த பிறகுதான் அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. பாட்டின் காரம் குறையவில்லை. ஆனால் 2016-இல் அவர் எச் அண்ட் எம் நிறுவனத்தின் பழைய துணி மறுசுழற்சிப் பிரசாரத்துக்குப் பாடியது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அந்த பிராண்டுக்குத் தைத்து அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது.

அதனால் பணம் பேசுவதற்கு முன் விளம்பரத்தின் ஸ்கிரிப்டைக் கேள். இயற்கை, பசுமை என்று வந்தால் நொய்யலை நினைத்துக்கொள். கழிவுநீரால் ஆறு செத்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. அவர்கள் துணி எங்கே சாயமேறுகிறது என்று கேட்கும் உரிமை உனக்கு உண்டு. பதில் மழுப்பலாக வந்தால் ட்ராக்கைக் கொடுக்காதே.

இன்னொன்று. ட்ராக்கில் உள்ள எல்லாச் சத்தமும் உனக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் உறுதி கேட்கிறார்கள். நீ பதிவு செய்தது ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஒரு பவர் டேபிள் யூனிட்டில். ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. இரண்டாவது ட்ராக்கில் ஒரு அக்கா 'பண்டல் எங்கே'ன்னு கத்துகிறாரே, அவரையும் கேள். பணம் வந்தால் அவருக்கும் ஒரு பங்கு கொடு.

ஸ்கிரிப்ட் வந்ததும் ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுப்பு. கோயம்புத்தூரில் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், காட்டலாம். ஃபீஸ் வாங்காமல் விடமாட்டார்; கொடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்