இணையமும் நோயாளரும்

நோயுற்றோர் இந்நாளில் மருத்துவரை நாடுமுன் இணையத்தை நாடுகின்றனர். ஆங்குக் காணும் செய்தியெல்லாம் மெய்யாகுமோ? 1998ஆம் ஆண்டில், இலண்டனில் வெளிவரும் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் கட்டுரையொன்று வந்தது. 12 குழந்தைகளை மட்டுமே ஆராய்ந்து எழுதப்பெற்ற அது, தட்டம்மை முதலிய மூன்று நோய்களைத் தடுக்கும் ஊசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் ஐயத்தை எழுப்பிற்று. அஞ்சிய பெற்றோர் பலர் ஊசியைத் தவிர்த்தனர். பிரிட்டனில் தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. பின்வந்த பேராய்வுகளில் அத்தொடர்பு காணப்படவில்லை. 2010இல் அவ்விதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆயினும், அப்பழங்கதை ஆண்டும் மறுப்பும் குறிக்கப்பெறாமல் இணையத்தில் இன்றும் உலவுகின்றது. படிப்போர் முதற்கண் தேடவேண்டுவன அவ்விரண்டுமே. பொய் இவ்வாறு நிலைத்தற்குக் காரணம் யாது? அஃது எவர்க்கும் விளங்கும் எளிய நடையிற் பேசுகின்றது. அதனை மறுக்கும் மெய்யோ, கற்றோரும் இடர்ப்படும் கலைச்சொற்களுள் ஒடுங்கிக் கிடக்கின்றது. கடுநடையே புலமை என்று எண்ணிய எம்போன்ற தமிழ்ப் பண்டிதர்க்கும் இப்பழியிற் பங்குண்டு.