பைக்கில் கொச்சிக்கு: இருவர் போகும்போது

ராசிங்காபுரத்திலிருந்து போடி வந்துவிட்டால், கொச்சி வரை 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம் என ஊர்கள் வரிசையாக வரும்.

முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஏறும்போது பின்னால் இருப்பவர் ஓட்டுபவரோடு ஒட்டி உட்கார வேண்டும். வளைவில் எதிர்ப்பக்கம் சாய்வது தவறு. பையைப் பின்முனையில் கட்டினால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி, பிடிமானம் குறையும். இருவர் சுமைக்குப் பின்டயரில் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கும். குறுகிய இடத்தில் மேடேறி வரும் வண்டிக்கே முதல் வழி.

இறக்கம்தான் உண்மையான சோதனை. மூணாறிலிருந்து அடிமாலி வழியாக இறங்கும்போது நியூட்ரலில் விடக்கூடாது. எந்த கியரில் ஏற முடியுமோ அந்த கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடாகி வலுவிழக்காது.

தென்மேற்குப் பருவமழையில் தேவிகுளம் கேப் ரோட்டில் மண் சரிவதுண்டு. ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் உள்ளதால் இருட்டுமுன் கடந்துவிடுவது நல்லது.

கொச்சியில் வண்டியை ஓரமாக நிறுத்தி நடப்பதே வசதி. 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமா முதலில் அடக்கமான புனித பிரான்சிஸ் தேவாலயம், சீன வலைகள் இரண்டும் கோட்டைக் கொச்சியில் அருகருகே உள்ளன. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் ஆலயம் சனிக்கிழமை திறக்காது.