எச்சமாய் நிற்கும் உழைப்பு: சின்ன காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் இல்லப் பெண்களின் பணியிடைப் பேச்சு

திறவுச்சொற்கள்: பணியிடைப் பேச்சு, பட்டு நெசவு, வினையெச்சம், துணைவினை, இல்லப்பணி, சின்ன காஞ்சிபுரம்

முன்னுரை

நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருசேரக் குறிப்பதைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் உருவகமாக விரித்துள்ளார். அங்குச் சொல் பஞ்சாகிறது; செய்யுள் இழையாகிறது; புலவன் நூல் நூற்கும் பெண்ணாகிறான்; அவன் வாய் அவள் கையாகிறது; அறிவு கதிராகிறது. புலமைத் தொழிலை விளக்க 13ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் பெண்ணின் கைத்தொழிலை ஒப்புமையாகக் கொண்டது அறிஞர் பலரும் எடுத்துக்காட்டும் செய்தியே. ஆயின் அவ்வுருவகத்தில் நூற்பவளுக்குக் கை மட்டுமே உண்டு. வாய் புலவனுக்கு உரியது. கை இழையில் இருக்கும்போது அவள் வாய் என்ன பேசியது என்னும் வினா அங்கு எழவில்லை.

அவ்வினாவைச் சின்ன காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் இல்லங்களை முன்வைத்து எழுப்புகிறது இக்கட்டுரை. தார் சுற்றும்போதும் பாவு பிணைக்கும்போதும் அரிசி களையும்போதும் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் நட்புரையாடலே இதன் ஆய்வுப்பொருள். அப்பேச்சின் தொடரமைப்பில் அவர்களது தறிசார்ந்த உழைப்பு எவ்விடத்தில் வந்து அமர்கிறது என்பதைக் காண்பதே நோக்கம்.

பேச்சுக்கு இட்ட பெயர்கள்

பெண்களின் தெருப்பேச்சைத் தமிழ் மரபு கேளாமல் இல்லை. அகப்பொருள் நூல்கள் வெளிப்படாத முணுமுணுப்பை அம்பல் என்றும், வெளிப்பட்டுப் பரவியதை அலர் என்றும் பிரித்தறிந்தன. எனினும் அவை கேட்டது தலைவியின் களவு பற்றிய பேச்சை மட்டுமே. அலர் தூற்றிய பெண்டிர் அவ்வேளையில் கையால் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பது நூல்களுக்கு வேண்டாத செய்தி. மறுபுறம், புறநானூற்றின் 326ஆம் பாட்டு இரவில் எழுந்து சிறு விளக்கொளியில் வேலை பார்க்கும் பஞ்சுத்தொழிற் பெண்ணைக் காட்டுகிறது. அங்கு அவள் கை இருக்கிறது, பேச்சு இல்லை.

பிற்காலத்தில் வம்பு, அரட்டை, ஊர்க்கதை, வெட்டிப்பேச்சு என இப்பேச்சுக்கு வழங்கிய பெயர்கள் யாவும் இழிவழக்கின. ஆடவர் பேச்சுக்குத் திண்ணைப் பேச்சு என்றொரு பெயர் உண்டு. அதனைத் தலைப்பாக்கிக் கட்டுரை எழுதுவதற்கு யாரும் கூசுவதில்லை. நாட்டார் வழக்காற்றியலும் இதில் பெரிதும் வேறுபடவில்லை. நா. வானமாமலை முதலியோர் வழியே தொழிற்பாடல்கள் பெருமளவில் தொகுக்கப்பட்டன. பாட்டாக அமைந்தது ஏடேறியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பேசப்பட்டது பதிவுக் கருவியை நிறுத்திவைக்கும் இடைவேளையாகவே கருதப்பட்டது.

மானிடவியலர் மாலினோவ்ஸ்கி 1923இல், செய்தி பகிர்தலினும் உறவைப் பேணுதலையே நோக்கமாகக் கொண்ட பேச்சு வகை ஒன்றைச் சுட்டினார். நலமா, சாப்பிட்டாயா என்னும் வினாக்கள் அவ்வகையின. பெண்களின் பேச்சு முழுவதையும் இவ்வகையில் அடக்குவது எளிது, பிழையும் ஆகும். 1980இல் டெபோரா ஜோன்ஸ் பெண்களின் வாய்மொழிப் பண்பாடு குறித்து எழுதியபோது, வீட்டுவேலை பற்றிய பேச்சைத் தனிவகையாகப் பிரித்து, அது தொழிலாளர் தம் தொழிலறிவைப் பரிமாறிக்கொள்வதற்கு நிகரானது என்றார். சின்ன காஞ்சிபுரத்திற்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். காரணம், இங்கு வீட்டுவேலை, தறிவேலை என்னும் பிரிவே சுவர் அளவுக்குத் தடித்ததன்று.

தறிக்கு முன்னுள்ள வேலைகள்

வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த சின்ன காஞ்சிபுரம் விஷ்ணு காஞ்சி எனவும் வழங்கும். காஞ்சி நகரிலும் சுற்றூர்களிலும் செங்குந்தர், சாலியர், தேவாங்கர் முதலிய நெசவுச் சமூகத்தார் வாழ்கின்றனர். வீட்டினுள் தெலுங்கோ கன்னடமோ பேசும் இல்லத்துப் பெண்ணும் தெருவில் தமிழில் கலந்து பேசுகிறாள். செங்குந்தர் பற்றி மேட்டிசன் மைன்ஸ் (1984), கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி ஈவோன் ஆர்ட்டர்பர்ன் (1982), பத்மசாலியர் பற்றி ஆர்த்தி கௌல்ரா (2018) ஆகியோர் எழுதிய நூல்கள் இத்தொழிலின் சமூக அமைப்பை அறியப் பெரிதும் துணைசெய்வன. இங்கு வேண்டுவது அதனினும் சிறிய செய்தி: ஒரு சேலை தறியேறும் முன் யார் கைகள் வழியே வருகிறது என்பது.

கருநாடகத்திலிருந்து பெரிதும் வரும் பட்டு, முறுக்கேறிச் சாயம் தோய்ந்தபின் சிட்டமாக வீட்டுக்கு வருகிறது. அதைப் பரிவட்டத்தில் மாட்டிச் சிக்கெடுத்து, இராட்டையில் சுற்றி, ஊடைக்கான தாராக்க வேண்டும். தார் நாடாவுக்குள் புகும். தீர்ந்ததும் அடுத்த தார் ஆயத்தமாக இருக்க வேண்டும். பாவு வேலை இன்னும் விரிவானது. விடியற்பொழுதில் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி இட்டு வெயிலில் உலர்த்துவர். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டிய வேலையாதலின் அண்டைவீட்டார் கைகொடுப்பதும் உண்டு. பழைய பாவு முடியும் இடத்தில் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். சாம்பல் தொட்ட விரல்களால் செய்யும் இவ்வேலையில் பெண்களின் பங்கு மிகுதி.

காஞ்சிப் பட்டின் சிறப்பாகிய கோர்வை முறையில் உடலும் இரு கரைகளும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு ஊடிழையால் கோக்கப்படுகின்றன. இதற்கு நெசவாளரின் பக்கத்தில் மற்றொருவர் அமர்தல் வேண்டும். முன்பு அவ்விடத்தில் சிறுவர் அமர்ந்தனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1990களில் காஞ்சிப் பகுதியில் நடந்த குழந்தைத் தொழிலாளர் மீட்பு முயற்சிகளும் சிறுவரைப் பள்ளிக்கு அனுப்பின. அது நற்செயலே. பல இல்லங்களில் அவ்வாறு காலியான இடத்தில் மனைவி அமர்ந்தாள். அவள் விட்டுவந்த அடுப்படி வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அமாவாசையன்று தறிக்கு ஓய்வு. பெண்ணுக்கு அன்றுதான் வீடு கழுவுதல், படையல், விருந்தினர் என வேலை கூடும் நாள்.

கையும் வாயும்

எல்லா வேலையும் பேச்சுக்கு இடந்தருவதில்லை. தார் சுற்றும்போது பேசலாம். விரல் இழையின் இறுக்கத்தை உணர்ந்துகொள்ளும், கண் எதிரிலிருப்பவரைப் பார்க்கும். பாவு பிணைப்பதும் அவ்வாறே. நீண்ட நேரம் ஓரிடத்தில் இருவரை அமர்த்துவதால் நெடுங்கதைகளுக்கு உகந்த வேலை அது. இழை எண்ணும்போது பேச்சு அறுகிறது. இடையே யாரேனும் வினவினால் எண்ணுபவள் வாய்விட்டு எண்ணிக்கையை உரக்கச் சொல்வதே மறுமொழியாகிவிடும். கோர்வையில் அமர்ந்தவளோ ஏறத்தாழ ஊமை. ஆகவே பெண்களின் பேச்சு எப்போது அரும்பும், எப்போது அடங்கும் என்பதை வகுப்பது வேலையின் தன்மையே. ‘ஓய்வுநேர அரட்டை’ என்னும் வழக்கமான கருத்து இங்குப் பொருந்தாது.

பேச்சின் பொருள்களும் கலந்தே வரும். மழைக்காலத்துக் குழித்தறியில் ஊறும் ஈரம், கஞ்சியின் பதம், சிட்டத்தில் மிகுந்து வந்த அறுந்த இழை, எந்தச் சங்கத்தில் கூலி தள்ளிப்போகிறது, மகளிர் குழுத் தவணை, சீட்டு எடுத்தவர் யார், புளிக்குழம்புக்கு எது சேர்த்தால் சுவைக்கும் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். ‘அது கெடக்கட்டும்’, ‘அத விடு’ என்னும் தொடர்களே இவற்றை இணைக்கும் கண்ணிகள். அக்கா, அண்ணி, அத்தை எனும் விளிகள் உறவில்லாத அண்டைவீட்டாருக்கும் உரியன. கைமாற்றாகப் பணம் கேட்கும் தருணத்தில் அவ்விளி அடிக்கடி வருவதைக் காணலாம்! கூலி பற்றிய செய்தி இவ்வாறு தெருவெங்கும் பரவுவது தொழிலாளர் தம்முள் செய்தி பரிமாறுவதே அன்றி வேறன்று.

மொழி வழக்கிலும் இத்தொழில் ஊறியுள்ளது. சிக்கல், இழுபறி, நொந்து நூலாதல், நூல் பிடித்தாற்போல் எனப் பொதுவழக்கில் பலவுண்டு. தறிகெட்டு என்பதையும் இவ்வரிசையில் சேர்ப்போர் உளர். தறி என்பதற்குக் கட்டுத்தறி என்ற பொருளும் உண்டாதலின் அதை நெசவுக்கே உரியதென்று துணிதல் இயலாது. நொந்து நூலாதல் என்பது தார் சுற்றும் பெண் வாயில் வரும்போது உருவகம் எங்கே முடிகிறது, செய்தி எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

ஒட்டுத்துணி எனும் ஒப்பீடு

பெண்கள் கூடிக் கைவேலை செய்துகொண்டு பேசுதல் உலகெங்கும் உள்ளது. அமெரிக்காவில் துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கப் பெண்கள் ஒருவர் வீட்டில் கூடுவது மரபு. வங்கத்தின் காந்தா, கன்னட நாட்டின் கவுதி, மராட்டியத்தின் கோதடி ஆகியனவும் பழந்துணியை அடுக்கித் தைப்பனவே. தமிழகத்து வீடுகளில் நைந்த பருத்திப் புடவையை மடித்து ஓட்டுத்தையலிட்டுக் கைக்குழந்தைக்கு விரிப்பாக்குவர், முழுப்புடவை தூளியாகும். பட்டு நெய்யும் வீட்டிலும் குழந்தை கிடப்பது பருத்தியில்தான்.

தைத்த போர்வை எஞ்சி நின்றது, அருங்காட்சியகம் ஏறியது, அதனால் அதைத் தைத்தவர்களின் பேச்சும் நினைவுகூரப்பட்டது. ரோசிகா பார்க்கர் 1984இல் ஊசிவேலையைப் பெண்மை என்னும் கருத்தின் வரலாற்றோடு இணைத்து நூல் எழுத முடிந்ததற்கும் எஞ்சிய துணிகளே சான்று. தார் அத்தகையதன்று. நாடா ஓட ஓட அது தேய்ந்து மறைகிறது. நெய்து முடித்த சேலையில் நெசவாளரின் கோர்வையை விரல்வைத்துக் காட்டலாம். சுற்றியவளின் வேலையைக் காட்ட வெறும் குச்சியே மிஞ்சும். 2005–06இல் புவிசார் குறியீடு பெற்ற சேலைக்கு உள்ள அடையாளம் அவள் வேலைக்கு இல்லை.

முற்றும் எச்சமும்

இப்பேச்சின் தொடரமைப்பை நோக்கினால் மேற்கண்ட மறைவு மொழியிலும் நிகழ்வது புலனாகும். பெண் தன் காலைப்பொழுதை விவரிக்கும் வகையை இவ்வாறு அமைத்துக் காட்டலாம்: ‘ஒல வச்சு, புள்ளய அனுப்பிட்டு, நாலு தாரு சுத்திக் குடுத்துட்டு, இப்பதான் துணி தொவைக்க உக்காந்தேன்.’ ஆடவர் கூற்று இவ்வாறு அமையும்: ‘டீ குடிச்சுட்டு, சங்கத்துக்குப் போயிட்டு வந்து, தறியில உக்காந்தேன்.’ இரண்டும் வினையெச்சங்களை அடுக்கி ஒரு முற்றில் முடிபவை. இரண்டிலும் முற்று ஒன்றே: உட்கார்ந்தேன். ஆடவருக்குத் தறி முற்றின் பக்கம் அமைகிறது. வீடு எச்சத்தில் கழிகிறது. பெண்ணுக்குத் தறிவேலை எச்சங்களுள் ஒன்றாக நடுவில் வந்து போகிறது.

தமிழ்த்தொடர் இயல்பே இது. எச்சத்தை அடுக்குவதால் மட்டும் ஒருவர் உழைப்பு தாழ்ந்துவிடாது என மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. முற்றில் எது நிற்கும் என்பது பேசும் வேளையைப் பொறுத்தும் மாறும். இராட்டையில் அமர்ந்து பேசுபவள் ‘தாரு சுத்துறேன்’ என்றே முடிப்பாள். ஆயினும் துணைவினை மற்றொரு சான்று தருகிறது. அவள் தார் சுற்றுவதில்லை, ‘சுற்றிக் கொடுக்கிறாள்’. கொடு என்னும் துணைவினை செயலின் பயன் பிறருக்கு என்பதைக் காட்டும். நெசவாளரும் முதலாளிக்கோ சங்கத்துக்கோ நெய்து கொடுக்கிறார். இவ்விரு கொடுத்தல்களுள் இரண்டாவதற்கே கூலி உண்டு. முதலாவது அதனுள் அடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. ‘கூடமாட ஒத்தாசை’ என்னும் தொடர் இதற்கு முத்திரை இடுகிறது. சமைப்பதை யாரும் கணவனுக்குச் செய்யும் ஒத்தாசை என்பதில்லை என்பதையும் ஒப்பிட்டு நோக்கலாம்.

கணக்கெடுப்பில் எச்சம்

இது இலக்கண நுணுக்கத்தோடு நின்றுவிடுவதன்று. 2019–20இல் நடந்த நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 இலட்சம் கைத்தறித் தொழிலாளரைப் பதிவு செய்தது. அவர்களுள் 72 விழுக்காட்டினர் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களில் பெண்களே தறியில் அமர்வதால் அவ்வெண்ணிக்கை உயர்ந்துள்ளது. காஞ்சியின் நிலையை அதிலிருந்து நேரே உய்த்துணரலாகாது. நெசவாளர் அல்லாத துணைத் தொழிலாளருக்கும் அதில் தனி வகை உண்டு, சுமார் 8.5 இலட்சம் பேர் அவ்வகையினர். ஆகவே தார் சுற்றுபவளுக்குப் படிவத்தில் இடம் இருக்கிறது. அவ்விடத்தை அடைய அவள் தன் வேலையை ஒரு முற்றாகச் சொல்ல வேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள் எனும் வினாவுக்கு ‘வீட்லதான் இருக்கேன்’ என்பதே தமிழகப் பெண்களிடம் பரவலாகக் கேட்கும் மறுமொழி. இரு என்பதே அதில் முற்று. எச்சங்கள் அனைத்தும் உதிர்ந்துவிடுகின்றன.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு வேறு முறையைக் கையாண்டது. அது நாளை 30 நிமிடக் கூறுகளாக்கி ஒவ்வொன்றிலும் செய்ததைக் கேட்டது. ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆடவர் 97 நிமிடமும் அதில் செலவிட்டமை அவ்வாறு தெரியவந்தது. தொழிலைக் கேளாமல் பொழுதைக் கேட்டதால் கிட்டிய விடை அது. உலை கொதிக்கும் இடைவெளியில் இரண்டு தார் சுற்றப்படும் இல்லத்தில் அரைமணிக் கூறும் பெரிதே. எனினும் காலையில் எழுந்தது முதல் என்னென்ன முடித்தீர்கள் என்று கேட்டால் எச்சங்கள் வரிசையாக வருகின்றன. அவ்வரிசையில் உலைக்கும் துவைப்புக்கும் நடுவே தாரின் எண்ணிக்கையும் சொல்லப்படுகிறது.