650 வாட் என்று விற்ற எஸ்எம்பிஎஸ்: வாங்கியவருக்குச் சட்டம் தரும் வழி

கேள்வி: 650 வாட் என்று சொல்லி விற்கப்பட்ட எஸ்எம்பிஎஸ் (கணினியின் மின்வழங்கி), கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை கூடும்போதெல்லாம் கணினியை அணைத்துவிடுகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் உள்ளதைக் காட்டிக் கடைக்காரர் மறுக்கிறார். சட்டத்தில் வழியுண்டா? வாங்குமுன் தரத்தை அறிவது எப்படி?

பதில்: பில்லில் உள்ள அந்த வரி வாங்கியவரின் உரிமையைப் பறிக்காது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறையாகும். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அவ்வாறே. ஆனால் குறையை மெய்ப்பிக்க வேண்டியவர் வாங்கியவரே என்பதால், அவர் கடையிலேயே கண்டிருக்கக்கூடியது எது, கண்டிருக்க முடியாதது எது என்ற வேறுபாடு இத்தகைய வழக்கில் பெரிதும் முக்கியமானது.

பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, எழுதப்படாவிட்டாலும் விற்பனையில் அடங்கியதாகக் கொள்ளும் சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவு, வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால் அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அது பொருந்தாது என்றும் கூறுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணை அவ்வாறு கண்ணுக்குத் தெரிவது. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் எடுப்பதால், அதன் ஆம்பியரை 12-ஆல் பெருக்கிக் கிடைக்கும் வாட்டே கவனிக்கத்தக்கது: 30 ஆம்பியர் என்றால் 360 வாட்தான். 12 வோல்ட் தடங்கள் பல இருந்தால் அவற்றைக் கூட்டிவிடாமல், அவற்றுக்கென ஒருசேரக் குறித்துள்ள உச்சவரம்பையே பார்க்க வேண்டும். இந்த அட்டவணை வாங்குபவருக்கு எச்சரிக்கை மட்டுமன்று. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணுக்கு எதிரான சான்றும் ஆகும்.

கண்ணுக்குத் தெரியாதவையே மிகுதி. 80 பிளஸ் முத்திரை, உள்ளே வரும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியேறுகிறது என்பதையே முதன்மையாகச் சொல்கிறது. நேர்மின்சாரத்தில் எஞ்சி நிற்கும் ரிப்பிள் என்னும் ஏற்ற இறக்கம் 12 வோல்ட் தடத்தில் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டுகிறதா, மின்தேக்கிகள் தரமானவையா, மிகைமின்னோட்டத் தடுப்பு உண்மையில் இயங்குமா என்பவற்றை அம்முத்திரை உறுதிசெய்வதில்லை. மூடிய பெட்டியை வாங்குபவரும் கடையில் திறந்து பார்க்க முடியாது. இத்தகைய குறைகளுக்காகவே, பொருளைப் பெற்று முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. ஆகவே பழுதான எஸ்எம்பிஎஸ்ஸை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் வாரண்டியோடு சான்றும் கெடும்.

மதர்போர்டும் எரிந்துபோனால், அது வேறொரு சொத்துக்கு நேர்ந்த சேதம் என்பதால், தயாரிப்பாளரிடம் பொருட்பொறுப்பின் கீழ் இழப்பீடு கோரலாம். அவர் வெளிப்படையாகத் தந்த உத்தரவாதம் பொய்த்திருந்தால், தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்று மெய்ப்பித்தும் அவர் தப்ப முடியாது. புகாரை 2 ஆண்டுகளுக்குள், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்; பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. அதற்கு மாடல் எண்ணும் வாரண்டிக் காலமும் எழுதிய பில், பெட்டி, அட்டவணையின் புகைப்படம் ஆகியவை கைவசம் இருக்க வேண்டும்.