கீறலுக்கு நிறம் வாங்கப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பானெட்டின் முன்விளிம்பில் கடுகளவுக்கு நாலைந்து இடத்தில் பெயிண்ட் தெறித்துப் போயிருக்கிறது. இடது பின்கதவில் ஒரு கீறல். "பழைய வண்டிதானே, அப்படியே விட்டுவிடலாமா? இல்லை, சில்வர் பெயிண்ட் ஒரு பாட்டில் வாங்கி நானே பூசட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். அப்படியே விடாதே. கடையில் போய் 'சில்வர்' என்றும் கேட்காதே.

முதலில் ஏன் விடக்கூடாது என்பதைச் சொல்கிறேன். காரின் மேலுள்ள பெயிண்ட் அத்தனை அடுக்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம். அதற்குள் தகட்டை ஒட்டி ஒரு பாஸ்பேட் பூச்சு, அதன்மேல் ஈ.டி. கோட், பிறகு பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கண்ணாடி போன்ற கிளியர் கோட். இதில் துருவைத் தடுப்பதில் பெரிய பங்கு அந்த ஈ.டி. கோட்டுக்கு. வண்டியின் கூட்டை அப்படியே பெயிண்ட் தொட்டிக்குள் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள்; கை நுழையாத மூலையிலும் போய் ஒட்டிக்கொள்ளும். உன் வண்டியைச் செய்த ஃபோர்டு நிறுவனத்தில்தான் ஜார்ஜ் புரூவர் என்பவர் இந்த முறையைக் கார்களுக்காக உருவாக்கினார். 1960களில் அது தொழிற்சாலைகளுக்குள் வந்தது. லாரியிலிருந்து தெறித்த ஒரு ஜல்லி இத்தனை அடுக்கையும் ஒரே அடியில் பெயர்த்துவிடும்.

நீ ஓட்டுகிற பாதையையும் யோசித்துப் பார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிறாய். அங்கிருந்து கல்பாக்கம் போய்ச் சேர்ந்தால் பகல் முழுக்க வண்டி உப்புக்காற்றில் நிற்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் அந்தக் கடுகளவுப் பள்ளத்தில் தகடு நனைந்தே இருக்கும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தியாவில் எந்தெந்த ஊரில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்று வரைபடமே போட்டிருக்கிறது. கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்பு தின்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக்கூழை நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்பிக் கல்லுக்குள் இறங்கிய உப்பை வெளியே இழுக்கிறார்கள். தகடு கல்லைவிடப் பலவீனமானது. அதனால் டச்சப் என்பதை அழகு வேலையாக நினைக்காதே. தகட்டை மூடுவது முதல் வேலை, நிறம் சேர்வது இரண்டாவது. இரண்டையும் சரியாகச் செய்ய முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. கீறலின் மேல் விரலால் கொஞ்சம் தண்ணீர் தடவு. கீறல் மறைந்துவிட்டால் அடி கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. பெயிண்டே வேண்டாம், ரப்பிங் கம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் போதும். தண்ணீர் பட்டும் தெரிகிறது, குறுக்கே இழுத்தால் நகம் தடுக்குகிறது என்றால் நிறம் வரை போயிருக்கிறது. சாம்பலோ கறுப்போ தெரிந்தால் பிரைமரோ ஈ.டி. கோட்டோ மிச்சம் இருக்கிறது. பளபளவென்றோ பழுப்பாகவோ தெரிந்தால் தகடு.

இனி நிறம். உன் ஆர்.சி.யில் மூன்டஸ்ட் சில்வர் என்று இருக்கும். அந்தப் பெயரை வைத்து எதையும் வாங்காதே. பெயர் விளம்பரத்துக்கு வைப்பது. மாடல் மாறும்போது பெயர் அப்படியே இருந்து கலவை மாறலாம், கலவை அப்படியே இருந்து பெயரும் மாறலாம். உனக்கு வேண்டியது குறியீடு. உதாரணத்துக்கு, மாருதியில் சில்க்கி சில்வர் என்று ஓடிய நிறத்தின் குறியீடு இசட்2எஸ். அதைச் சொன்னால் பெயரே சொல்ல வேண்டாம். உன் வண்டியில் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார். அங்கே இல்லாவிட்டால் பானெட்டைத் திறந்து உள்ளே இருக்கும் தகட்டைப் பார். இரண்டிலும் அழிந்து போயிருந்தால், 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும் சேஸிஸ் எண்ணை சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். சீட்டைப் படம் பிடித்து வைத்துக்கொள்.

'ஃபோர்டே போய்விட்டதே, நிறம் கிடைக்குமா' என்ற கவலை உனக்கு வேண்டாம். 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2022-ல் மறைமலைநகரில் எக்கோஸ்போர்ட் கார் உற்பத்தியும் நின்றது. ஆனால் நிறத்தின் சூத்திரம் கார்க் கம்பெனியிடம் மட்டும் இருப்பதில்லை. பழைய வண்டிகளுக்குப் பூசும் பெயிண்டை விற்கிற கம்பெனிகளிடம் ஒவ்வொரு குறியீட்டுக்கும் கலவைக் கணக்கு இருக்கிறது.

டச்சப் பாட்டில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, குறியீட்டைப் பார்த்து ஏற்கெனவே அடைத்து விற்கும் சின்னப் பாட்டில். மூடியிலேயே பிரஷ் இருக்கும். இன்னொன்று, மிக்சிங் கடையில் உன் கண்முன்னே கலந்து தருவது. உனக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஜி.எஸ்.டி. சாலையோரத்து டிங்கரிங் பட்டறை ஒன்றில் 'மெட்டாலிக் எங்கே கலக்குறீங்க' என்று கேட்டால் கடையைச் சொல்வார்கள். போகும்போது பெட்ரோல் டாங்கின் வெளிமூடியைக் கழற்றி எடுத்துப் போ. தெரியாவிட்டால் பட்டறையில் கழற்றித் தருவார்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் குறியீட்டைத் தட்டினால் ஒரே குறியீட்டுக்குக் கீழே இரண்டு மூன்று சாயல் வரும். கொஞ்சம் நீலம் தூக்கலாக ஒன்று, கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக ஒன்று. தொழிற்சாலையில் ஒவ்வொரு முறை கலக்கும்போதும் இம்மி மாறும், அதைப் பார்த்துச் சேர்த்து வைத்த கணக்கு அது. எது உன்னுடையது என்பதை மூடியைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய முடியும். மேலும், உன் வண்டி இத்தனை வருடம் நம்மூர் வெயிலில் நின்றது. சீட்டில் இருப்பது அது பிறந்தபோது இருந்த நிறம். மூடியைக் கம்பவுண்டு போட்டுத் துடைத்துவிட்டுக் கொண்டுபோ, அழுக்குக்கு நிறம் சேர்த்துவிடப் போகிறார்.

அவர் தராசில் டப்பாவை வைத்து, வெள்ளி, கறுப்பு, நீலம் என்று கிராமுக்கும் கீழே துளித்துளியாக விடுவதைப் பொறுமையாக நின்று பார். கலந்ததும் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து 'சரி' என்று சொல்லிவிடாதே. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். சின்ன அட்டையில் அடிக்கச் சொல். காய்ந்தபின் மேலே கிளியர் அடிக்கச் சொல்; கிளியர் ஏறாத மெட்டாலிக் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். பிறகு அட்டையையும் மூடியையும் வெளியே எடுத்து வா. கடையின் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் இரண்டாகத் தெரியும். நேராகப் பார், பிறகு சாய்த்துப் பார். சில்வருக்குள் இருப்பவை அலுமினியச் செதில்கள். அவை படுத்திருந்தால் வெளிச்சம், நிமிர்ந்திருந்தால் இருட்டு. நேராகச் சேர்ந்து, சாய்த்தால் கறுக்கிறது என்றால் அவரிடம் சொல், திருத்தித் தருவார். நல்ல கலவைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். பம்பரோடு மட்டும் ஒப்பிடாதே. அது பிளாஸ்டிக், பெரும்பாலும் தனியாகப் பெயிண்ட் ஆகி வருவது. புது வண்டியிலேயே அதன் சாயல் ஒரு நூல் விலகித்தான் இருக்கும்.

நிறத்தோடு கொஞ்சம் பிரைமரும் கிளியரும் வாங்கு. தகடு தெரியும் இடத்துக்கு பிரைமர் இல்லாமல் நிறத்தை மட்டும் பூசினால், அடியில் துரு நிம்மதியாக வளரும். ஹார்டனர் கலக்கிற டூகே கிளியர் உறுதியானது, ஆனால் அதன் ஆவியில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். அதை ஸ்ப்ரே அடிக்கும் வேலை பட்டறைக்காரருடையது. உனக்கு ஹார்டனர் வேண்டாத சாதாரண கிளியர் போதும்.

பூசுவதைக் கல்பாக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. செங்கல்பட்டு வீட்டில், மழை இல்லாத நாளில், பனி காய்ந்தபின் ஒரு பத்து மணிக்கு நிழலில் ஆரம்பி. ஈரக்காற்றில் பூசினால் கிளியர் பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி நன்றாகக் காயவிடு. பள்ளத்துக்குள் பழுப்பு இருந்தால், வாட்டர் பேப்பரைச் சின்னதாகச் சுருட்டி, பெயிண்ட் நன்றாயிருக்கும் இடத்தைத் தொடாமல் பள்ளத்தை மட்டும் சுரண்டு, பளபளக்கும் வரை. தின்னர் தொட்ட துணியால் ஒற்றி எடு. பாட்டிலை நன்றாகக் குலுக்கு, செதில்கள் அடியில் படிந்திருக்கும். மூடியிலுள்ள பிரஷ் உனக்குத் தடிமன். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வை, அது தானாகப் பரவும். காய்ந்தால் வற்றும். வற்றியபின் இன்னொரு துளி. பிரைமர், நிறம், கிளியர் எல்லாமே இப்படித்தான். ஒரே தடவையில் ரொப்பிவிட்டால் மேலே தோல் கட்டி உள்ளே காயாது. கிளியர் சுற்றியுள்ள மட்டத்துக்கு இம்மி மேலே வந்தபின் ஒரு வாரம் விட்டுவிடு. பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, கம்பவுண்டு போடு.

பானெட்டில் உள்ள புள்ளிகள் இரண்டடி தள்ளி நின்றால் தெரியாமல் போகும். கதவுக் கீறல் அப்படி மறையாது. பிரஷ்ஷில் பூசும் சில்வரில் செதில்கள் ஸ்ப்ரேயில் படுவதுபோலப் படுக்காது. எவ்வளவு சரியாக நிறம் சேர்த்தாலும் ஒரு கோடு கறுத்துத் தெரியும். அது உன் கைக்குறை இல்லை. இப்போதைக்கு மூடி வை, கையில் பணம் சேரும்போது கதவை முழுதாக ஸ்ப்ரே பண்ணிக்கொள்ளலாம். மிச்சப் பெயிண்டை இறுக மூடி, மேலே குறியீட்டையும் கலந்த தேதியையும் எழுதி வை.

இன்னொன்று. குனிந்து, பின்சக்கர வளைவின் உள்விளிம்பையும் கதவுகளின் அடிவிளிம்பையும் விரலால் தடவிப் பார். பெயிண்ட் கொப்புளம்போல உப்பியிருந்தால் துரு உள்ளேயிருந்து வருகிறது. அதன்மேல் எந்த டச்சப்பும் நிற்காது, பட்டறையில் தகடுவரை திறந்துதான் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் பெயிண்ட் வாங்கப் போகும் முன்னால் எனக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா