சைக்கிள் பாகத்திலிருந்து செல்போன் வரை



கூட்டத்துக்கு ஒருத்தர் வரலைன்னா உடனே செல்போன்ல கூப்பிடறோம். அதில் பலபேர் போட்டிருப்பது ஏர்டெல் சிம். அந்தக் கம்பெனியை ஆரம்பித்த சுனில் பாரதி மிட்டல் எப்படி வளர்ந்தார் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் 1957-ல் பிறந்தவர். 1976-ல், 18 வயதில், அப்பாவிடம் 20,000 ரூபாய் கடன் வாங்கி சைக்கிள் பாகம் செய்யத் தொடங்கினார். ஒன்றுமே இல்லாமல் வந்தவர் என்று சொன்னால் அது சரியில்லை. அப்பா நாடாளுமன்ற உறுப்பினர். அந்தக் காலத்து 20,000 சின்னக் காசா? நம்மில் யாருக்குப் பிறந்த வீட்டில் அப்படிக் கிடைக்கும்? நமக்கு அந்த இடத்தில் இருப்பது சங்கக் கடன்தான். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் முதன்முதலாகத் தொடங்கியதும் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தானே.

சைக்கிள் பாகத்தில் பெரிதாக வளர முடியாது என்று 1980-ல் அதை விற்றுவிட்டு பம்பாய் போனார். ஜப்பானிலிருந்து ஜெனரேட்டர் வரவழைத்து விற்றார். நல்ல வியாபாரம். திடீரென்று அரசாங்கம் ஜெனரேட்டர் இறக்குமதியைத் தடை செய்தது. தொழிலே போச்சு!

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். போனது சரக்குதான். வெளிநாட்டில் பேசி வாங்குவது, இங்கே கடை கடையாக விற்பது என்று அவர் கற்ற வேலை போகவில்லை. தைவானில் பட்டன் போனைப் பார்த்தார். நம் நாட்டில் அப்போது வட்டத்தைச் சுற்றும் போன்தான். பட்டன் போனைக் கொண்டுவந்து, 1984-ல் இங்கேயே பாகங்களைச் சேர்த்துச் செய்ய ஆரம்பித்தார். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் டம்ளர், கேரி பேக் தடை வந்தபோது, அதே வாடிக்கைக்காரருக்குப் பாக்குமட்டைத் தட்டு போட்டவர்கள் செய்ததும் இதைத்தான்.

1992-ல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னைக்கு செல்போன் உரிமம் தர அரசு டெண்டர் விட்டது. போன் சேவை நடத்திய அனுபவம் கேட்டார்கள். இவருக்கு அது இல்லை. அனுபவமுள்ள பிரெஞ்சுக் கம்பெனியைக் கூட்டுச் சேர்த்தார். 1995-ல் டெல்லியில் ஏர்டெல் வந்தது. அப்போ நாம பேசினாலும் காசு, வந்த போனை எடுத்தாலும் காசு!

பிறகு ஏற்றம் மட்டும் இல்லை. 2010-ல் ஆப்பிரிக்காவில் 15 நாட்டுச் சேவையை வாங்கியதில் கடன் ஏறி, பல வருஷம் அழுத்தியது. 2016-ல் ஜியோ வந்து விலையைக் குறைத்தது. அரசுக்குத் தரவேண்டிய பாக்கி பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2019-ல் மூன்றே மாதக் கணக்கில் 23,000 கோடி ரூபாய் நஷ்டம். அதையும் தாண்டி கம்பெனி நின்றது.

அன்றாட நிர்வாகத்தை அவர் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. 2013 முதல் 2025 முடிய தலைமை அதிகாரியாக இருந்தவர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த கோபால் விட்டல். நம்ம குழுவில் ஊக்குநரை மாற்றணும்னு சொன்னாலே முகம் சுளிக்கிறோமே!

குழுக் கூட்டத்தில் பேச:

நம் தொழிலுக்கு நாளைக்கே தடையோ நஷ்டமோ வந்தால், கையில் மிஞ்சும் வேலைத்திறன் எது?

சீருடை தைக்கும் ஆர்டருக்கு நம்மிடம் இல்லாத அனுபவம் கேட்டால், பக்கத்து ஊரில் எந்தக் குழுவோடு சேரலாம்?