மின்னூல் வாசிப்புக் கருவிகளின் இடைமுகம்: இடச்சுட்டும் தேடலும் – திருப்பாவையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மின்னூல் வாசிப்புக் கருவிகளின் இடைமுகங்கள் பெரும்பாலும் எழுத்தளவு, திரையொளி, பக்கம் புரட்டும் வசதி ஆகியவற்றைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன. தமிழ் ஆய்வாளர்க்கு இவற்றினும் இன்றியமையாதவை இரண்டு: மேற்கோளின் இடத்தைச் சுட்டுதல், சொல்லைத் தேடிப் பெறுதல். திருப்பாவையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்விரு கூறுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மின்னூல், இடைமுகம், ஒருங்குறி, அடி, புணர்ச்சி, தேடல்.

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊர். அதனை அடுத்த ராஜபாளையத்தைச் சார்ந்த மு.கு. ஜகந்நாத ராஜா, ஆண்டாள் வரலாற்றைப் பாடும் கிருஷ்ணதேவராயரின் தெலுங்குக் காப்பியமான ஆமுக்த மால்யதாவைத் தமிழாக்கி, 1989ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். பாசுரம், காப்பியம், தமிழாக்கம் என ஒரு பொருள் பல பனுவல்களில் தொடர்வதால், இவற்றை ஆராய்பவர் பல நூல்களை ஒருங்கே ஒப்புநோக்க வேண்டியுள்ளது. 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகமும் பழந்தமிழ்ப் பனுவல்களை எளிதில் கிடைக்கச் செய்துள்ளன. ஒரே பனுவல் வெவ்வேறு இடைமுகங்களில் வெவ்வேறு வகையாகப் பயன்படுவது கருதத்தக்கது.

பக்கமும் பாடலும்

இடைமுகங்களை இருவகைப்படுத்தலாம். ஒன்று, அச்சுப்பக்கத்தை மாற்றமின்றிக் காட்டுவது. பிடிஎஃப் கோப்புகளும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் பக்கப்படங்களும் இவ்வகையின. மற்றொன்று, திரையின் அகலத்திற்கும் எழுத்தளவிற்கும் ஏற்ப வரியை மடித்துக் காட்டுவது. கிண்டில் நூல்களும் இபப் கோப்புகளும் பெரும்பாலும் இவ்வகையின. கூகுள் பிளே புக்ஸ் செயலி, இரு வடிவமும் கிடைக்கும் நூல்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற இடமளிக்கிறது.

முதல்வகையில் அச்சுப்பக்க எண்ணை நேரே சுட்டலாம். ஆனால் சிறுதிரையில் பக்கத்தைப் பெரிதாக்கி நகர்த்திப் படிக்க நேர்கிறது. இரண்டாம் வகை படிப்பதற்கு எளிது. எனினும் எழுத்தளவு மாறினால் பக்கம் மாறிவிடும். கிண்டில் காட்டும் இட எண் கோப்பின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டது; வேறொரு பதிப்பின் கோப்பில் அதே எண் வேறோர் இடத்தைச் சுட்டும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு மரபிலேயே உள்ளது. திருப்பாவையின் 30 பாசுரங்களும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத் தொடரெண்ணில் 474 முதல் 503 வரை அமைவன. பாடல் எண்ணும் பாடல் முதற்குறிப்பும் பக்கத்தைச் சாராதவை, எக்கருவியிலும் மாறாதவை. பாடல்தோறும் பொருளடக்க இணைப்பு அமைந்த மின்னூலே ஆய்வுக்கு ஏற்றது. நூல் முழுமைக்கும் ஒரே இணைப்பு மட்டும் அமைந்தால், இடைமுகம் எத்துணைச் சிறந்ததாயினும் பயன் குறைவே.

அடியெல்லை

திருப்பாவைப் பாசுரம் நாற்சீர் அடி எட்டால் அமைந்தது. சிறுதிரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஓரடி இரு வரிகளாக மடியும். மடிந்த வரி உள்தள்ளி வாராதவழி, எட்டடிப் பாசுரம் பதினாறு வரிகளாகத் தோன்றும். பயிற்சியுடையோர் எதுகை கொண்டு அடியெல்லையை உய்த்துணர்வர். யாப்பு பயிலும் மாணவர்க்கு அஃது எளிதன்று. மின்னூலின் பாணிக்கோப்பில் தொங்கல் உள்தள்ளலை வரையறுத்தால் இக்குறை நீங்கும். ஆனால், பதிப்பாசிரியர் அமைத்த பாணியை ஒதுக்கித் தம் பாணியைப் புகுத்தும் செயலிகளில் இம்முயற்சி பயனற்றதாகிறது.

தேடலும் புணர்ச்சியும்

சொல்லிலக்கணம் அறியாத தேடுபொறி குறியெண்களின் வரிசையையே ஒப்பிடும். ஒருங்குறியில் புள்ளி தனிக் குறியெண் பெற்றுள்ளது. 'கோதை' எனத் தேடின் 'கோதையின்' கிடைக்கும். உடம்படுமெய் பெற்றபோதும் உயிரீற்றுச் சொல் திரிவதில்லை. 'ஆண்டாள்' எனத் தேடின் 'ஆண்டாளின்' கிடைக்காது. ளகரப் புள்ளியின் இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது. 'ராஜபாளையம்' எனத் தேடின் 'ராஜபாளையத்தில்' கிடைக்காது; மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துள்ளது. சொல்முதலிலும் இந்நிலை உண்டு. சீர்பிரித்து 'கோதை யாண்டாள்' என அச்சிடின், 'ஆண்டாள்' என்னும் தேடலுக்கு அது அகப்படாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் ஊர்ப்பெயரே மற்றொரு சான்று. இதன் முதலெழுத்தை ஸகரம் கொண்டும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பெற்ற ஶகரம் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம் தரும், குறியெண் வேறு. இவ்விரண்டையும் இணைத்துக் காணாத இடைமுகத்தில், ஒருவகையால் தேடுபவர்க்கு மற்றொரு வகையால் எழுதப்பெற்ற இடங்கள் கிடைப்பதில்லை. திருவில்லிபுத்தூர் என்னும் வழக்கையும் தனியே தேடவேண்டும்.

பக்கப்படங்களில் நிலைமை வேறு. எழுத்துணரி உருவாக்கிய பனுவல் படத்துடன் இணைந்திருந்தால் மட்டுமே தேடல் இயலும். அதன் பிழைகள் கண்ணுக்குப் புலப்படாமல் தேடலைப் பாதிக்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. செய்யுள் மேற்கோளுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும் பதிப்பு விவரமும் தருதல் வேண்டும். கருவியின் இட எண் போதாது.

2. படித்தற்கு வரிமடியும் வடிவமும், பாடம் சரிபார்த்தற்குப் பக்கப்படமும் ஏற்றவை. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது.

3. மெய்யீற்றுச் சொற்களைப் புள்ளி நீக்கியும், மகர ஈற்றுச் சொற்களை இறுதி மகரம் நீக்கியும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

4. தேடலில் அகப்படாமை, நூலில் இல்லாமைக்குச் சான்றாகாது. ஒரு சொல் ஒரு நூலில் பயிலவில்லை என்று நிறுவ முற்படுவோர், தேடல் முடிவை மட்டும் நம்பாமல், சொல்லடைவையும் முழுப்பனுவலையும் நோக்குதல் கடன்.

இடைமுகத்தின் தகுதி, தமிழ் எழுத்தைத் தெளிவாகக் காட்டுவதோடு நிறைவுறுவதில்லை. அடியின் எல்லையையும் புணர்ச்சியின் இயல்பையும் ஏற்கும் கருவியே தமிழ்ச் செய்யுளைப் படிக்கவும் ஆராயவும் உரிய கருவியாகும்.